கேஜ் போட்ட காரை யார் வாங்குவார்கள்?

கேள்வி: என்னிடம் 2003-ம் ஆண்டு பிஎம்டபிள்யூ இ46 எம்3 இருக்கிறது. ஆறு கியர், மேனுவல். ஒன்பது ஆண்டுகளாக டிராக் டேக்கு (பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டும் நாள்) மட்டும்தான் ஓடுகிறது. மொத்தம் 60 நாளுக்கு மேல் ஆகியிருக்கும். வெல்டிங் செய்த ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு), இரண்டு பக்கெட் சீட், ஆறு பட்டை ஹார்னஸ் (பந்தய சீட் பெல்ட்), காயில்ஓவர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்கும் டேம்பர் என்ற ஷாக் அப்சார்பரும் ஒன்றாய்ச் சேர்ந்தது), முன்பக்கம் பெரிய பிரேக், இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ட்யூன் எல்லாம் உண்டு. பின் ஆக்சில் மாட்டும் பின்தளத்தை வலுப்படுத்தியாயிற்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் கனெக்டிங் ராடு பேரிங்கும் மாற்றியாயிற்று. அதற்குப் பிறகு 20 நாள் ஓட்டியிருப்பேன். பின்சீட்டும் கார்ப்பெட்டும் எப்போதோ போய்விட்டன. பழைய முன்சீட், ஏர்பேக் ஸ்டீயரிங், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு கூடிய சைலன்சர், பழைய வீல் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. கொட்டிய பணத்தில் இதே போல் இன்னும் இரண்டு கார் வாங்கியிருக்கலாம். மூன்று மாதமாக விளம்பரம் கொடுத்துப் பார்க்கிறேன். வருகிறவர்கள் சாதாரண எம்3 விலையில் பாதிதான் கேட்கிறார்கள். பழைய நிலைக்குக் கொண்டுவந்து விற்பதா, பாகம் பாகமாகப் பிரிப்பதா, இப்படியே விற்பதா? இன்னொன்று: நாலாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு வேகமாக இறக்கும்போது நறநறவென்று சத்தம் வருகிறது. வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும், இப்படிப்பட்ட காரைத் தேடி வருகிறவர் முதல் பத்து நிமிடத்தில் அந்தக் கியரைத்தான் போட்டுப் பார்ப்பார். டிராக்கில் ஓடிய கியர்பாக்ஸில் பிரேக் போட்டுக்கொண்டே அதிகம் இறக்கப்படும் கியர் மூன்று. அதன் சின்க்ரோ (கியர் உரசாமல் விழ வேகத்தை ஒத்திசைக்கும் வளையம்) தேய்வது யாருக்கும் அதிர்ச்சி தரும் செய்தி இல்லை. கேட்கும்வரை நீங்கள் வாய் திறக்கவில்லை என்று தெரிந்தால்தான் சிக்கல். அதற்குப் பிறகு எஞ்சினைப் பற்றி நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

சொல்வதற்கு முன் அது என்ன சத்தம் என்று கண்டுபிடித்துவிடுங்கள். கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடி கிளட்சை மிதித்து மூன்றில் போடுங்கள். இப்படிச் செய்தால் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு விழுகிறதா? அப்படியென்றால் மூன்றாவதின் சின்க்ரோதான் தேய்ந்திருக்கிறது. எல்லாக் கியரிலும், ரிவர்ஸிலும்கூட உரசினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். ஹைட்ராலிக் பக்கம் பாருங்கள், ஒருவேளை மலிவாகவே முடியும். வளைவில் பக்கவாட்டு விசை இருக்கும்போது மட்டும் கியர் மாட்டவில்லையென்றால் எஞ்சின், கியர்பாக்ஸ் மவுன்ட் தளர்ந்திருக்கலாம்.

அடுத்து கியர்பாக்ஸ் ஆயிலை ஒரு சுத்தமான வெள்ளைத் தட்டில் வடியுங்கள். அடி பிளக்கில் காந்தம் இருந்தால், அதில் சாம்பல் நிறத்தில் மசைபோல் ஒட்டியிருக்கும் மெல்லிய தூள் எல்லாப் பெட்டியிலும் வருவதுதான். ஆயிலில் காந்தத்தில் ஒட்டாத, மின்னும் பித்தளை நிறத் துகள் தெரிந்தால் சின்க்ரோ வளையம் கரைகிறது. விரலில் குத்தும் எஃகுச் சில்லு கிடைத்தால் அது பல் போன பெட்டி. அதைச் சரிசெய்யாமல் விளம்பரமே வேண்டாம். சின்க்ரோ மட்டும்தான் என்றால் ஒரு கியர்பாக்ஸ் கடையில் எழுத்தில் மதிப்பீடு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை விளம்பரத்திலேயே போட்டு, தொகையை விலையில் கழித்துவிட்டேன் என்று எழுதுங்கள். தாள் இல்லாவிட்டால், வருகிறவர் மனதுக்குள் முழுப் பெட்டியின் விலையைக் கழிப்பார்.

இப்போது பெரிய கேள்வி. பழைய நிலைக்குத் திருப்புவது உங்கள் காருக்கு முடிந்துபோன கதை. வெல்டிங் செய்த கேஜை அறுத்தால் தரையில் அடித்தட்டு நிற்கும், கதவுத்தூணில் தழும்பு நிற்கும், பெயின்ட் கருகிய இடம் துருப்பிடிக்கத் தொடங்கும், டேஷ்போர்டில் குழாய்க்காக வெட்டிய ஓட்டை அப்படியே இருக்கும். சேகரிப்பாளர் அதைத் தொடமாட்டார், டிராக்குக்குத் தேடுகிறவருக்கும் அது பயன்படாது. இரண்டுங்கெட்டான் காருக்கு ஆளே கிடையாது. கேஜ் இல்லாமல் போல்ட்டில் கழற்றி மாட்டும் பொருட்கள் மட்டும் இருந்திருந்தால் நேர் எதிரான யோசனை சொல்லியிருப்பேன். எம்3 போன்ற காரில் அசல் நிலைக்கென்றே தனி விலை உண்டு.

மிச்சம் இரண்டு வழி. இரண்டையும் தாளில் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்று எண்ணை எழுதுங்கள். முதலாவது, பிரித்து விற்றால் கைக்கு வருவது: காயில்ஓவர், பிரேக், சீட், எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், வீல் ஒவ்வொன்றுக்கும் பழைய சாமான் சந்தையில் உண்மையில் கைமாறும் விலை. விளம்பரத்தில் கேட்கிற விலையை எடுக்காதீர்கள். நல்ல காயில்ஓவருக்குப் புதிய விலையில் பாதி வந்தாலே நல்ல வியாபாரம். அதில் கழற்றும் கூலி, பேக்கிங், அனுப்பும் செலவு, மாதக்கணக்கில் இடத்தை அடைத்து நிற்கும் வெற்றுக்கூடு எல்லாவற்றையும் கழியுங்கள். இரண்டாவது, ஒருவர் தேய்ந்த சாதாரண எம்3 ஒன்றை வாங்கி உங்கள் கார் இருக்கும் நிலைக்குக் கொண்டுவர இன்று ஆகும் செலவு, கூலி உட்பட. மூன்றாவது, அடுத்த ஐந்து டிராக் நாளுக்குள் இந்தக் காரில் மாற்றியே ஆக வேண்டியவற்றின் செலவு.

கணக்கு போட்டால் ஒன்று பளிச்சென்று தெரியும். கேஜுக்கு, பின்தள வேலைக்கு, ட்யூனுக்கு, பேரிங் மாற்றிய கூலிக்கு முதல் எண்ணில் மதிப்பு சுழியம். இரண்டாவது எண்ணில் அவற்றுக்கு முழு மதிப்பு. உங்கள் பணத்தில் பெரும்பங்கு அங்கேதான் போயிருக்கிறது என்பதால் காரை முழுதாக விற்பதே உங்களுக்கு லாபம். விலை இப்படி: இரண்டாவது எண்ணில் மூன்றாவதைக் கழித்தால் வருவது உச்சவரம்பு, முதலாவது எண் அடிமட்டம். அடிமட்டத்துக்குக் கீழே ஒருவர் கேட்டால் அவர் பெரும்பாலும் பிரித்து விற்கிற வியாபாரி. மரியாதையாக அனுப்பிவையுங்கள். நீங்கள் செலவழித்த மொத்தத் தொகை இந்த மூன்றில் எதிலும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த பில்களைக் கூட்டி அடியில் மொத்தம் போட்டு விளம்பரத்தில் வைக்கிற வழக்கம் நிறைய பேருக்கு உண்டு. அதைப் பார்க்கும் ஆள், இவர் பேரத்துக்கு இறங்கிவரமாட்டார் என்று நினைத்து அடுத்த காருக்குப் போய்விடுகிறார்.

இந்த வகைக் காரை வாங்குகிறவர் விலை கொடுப்பது மீதமிருக்கும் மணிநேரத்துக்கு. கிலோமீட்டர் இங்கே சரியாக உதவாது. ஒரு டிராக் நாளில் 20, 25 நிமிடமாக ஆறு சுற்று ஓட்டினால் இரண்டிலிருந்து இரண்டரை மணி. பேரிங் மாற்றியபின் 20 நாள் என்றால் அதிகபட்சம் 50 மணி. சராசரி 100 கி.மீ. வேகத்தில் அது மீட்டரில் 5,000 கி.மீ. மட்டுமே காட்டும், ஆனால் அந்த 5,000-மும் 8,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழற்சி) எல்லையை உரசி ஓடியவை. ஆகவே எதை எழுதினாலும் மாற்றிய தேதி, அதன்பின் ஓடிய மணி இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். எஞ்சின் பேரிங், டேம்பர் சர்வீஸ், வீல் பேரிங், வீல் போல்ட், பிரேக் டிஸ்க் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

எஞ்சினுக்கு வாய்வார்த்தை போதாது, அளவு வேண்டும். மூன்று சோதனை செய்து, தேதியோடு தாள் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஷன் சோதனையில் எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், ஆறு ஸ்பார்க் பிளக்கும் வெளியே எடுத்திருக்க வேண்டும், எரிபொருளும் இக்னிஷனும் துண்டித்திருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மூடிவைத்து அளந்துவிட்டு எஞ்சின் போய்விட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. காற்றே உள்ளே போகாதபோது என்ன அழுத்தம் வரும்? ஆறு எண்ணும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

அதைவிட அதிகம் பேசுவது லீக்-டவுன் சோதனை. பிஸ்டனை மேல் உச்சியில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்றைச் செலுத்தி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பார்கள். 10-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் காதை வைத்துக் கேளுங்கள்: காற்று உள்ளிழுக்கும் பக்கம் சீறினால் இன்டேக் வால்வ், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் ஊற்றும் மூடி வழியே வந்தால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி கிளம்பினால் ஹெட் கேஸ்கெட். மூன்றாவது, ஆயில் பரிசோதனை. கடைசியாக ஆயில் மாற்றி எத்தனை மணி ஓடியது என்று குறித்துக்கொண்டு, சூடான எஞ்சினில் வடியும்போது முதல் பங்கையும் கடைசிப் பங்கையும் விட்டு நடுவிலிருந்து மாதிரி எடுங்கள். ஈயமும் செம்பும் ஏறியிருந்தால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். சிலிக்கன் என்றால் ஏர் ஃபில்டர் தாண்டி மண் போகிறது. சோடியம், பொட்டாசியம் கூடியிருந்தால் கூலன்ட் கசிவுக்கு இடமுண்டு. ஒற்றை மாதிரியைவிட அடுத்தடுத்த இரண்டு மாதிரிக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் எண் ஏறுகிறதா நிலையாக நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

எம்3 தெரிந்தவர் மூன்று விஷயத்தைக் கேட்காமல் போகமாட்டார். உங்கள் காரின் எஸ்54 எஞ்சினில் பேரிங் மாற்றினீர்களே, கழற்றிய பழைய பேரிங் ஓடுகளின் படம் எங்கே? வரிசை எண்ணோடு அவற்றை அடுக்கி எடுத்த ஒரு படம், அந்த எஞ்சின் எப்படி ஓட்டப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். வேனோஸ் அமைப்பை (வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றுவது) திறந்து பார்த்தீர்களா என்பது இரண்டாவது. போல்ட் தளர்வதும், பம்பைச் சுழற்றும் எக்ஸாஸ்ட் பக்க ஹப்பின் சிறு காதுகள் உடைவதும் இந்த எஞ்சினின் அறிந்த நோய்கள். மூன்றாவது வால்வ் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு விட்டிருக்கும் இடைவெளி. இதில் அதைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் கிடையாது, ஷிம் என்ற சிறு தகட்டை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தது என்ற தேதி இல்லையென்றால் இப்போதே பார்த்துவிடுங்கள்.

பின்தளம் தனிக் கதை. இ46-இல் பின் ஆக்சில் கேரியர் மாட்டும் இடங்களைச் சுற்றித் தரைத்தகடு விரிசல் விடும். எம்3-இன் முறுக்குவிசையும் ஒட்டுகிற டயரும் சேர்ந்தால் வேகமாகவே விடும். வலுப்படுத்தியாயிற்று என்கிறீர்கள். எப்படி? நல்ல வேலை என்றால் அண்டர்கோட்டை முழுக்கச் சுரண்டி, விரிசலின் நுனியில் சின்ன ஓட்டை போட்டு நிறுத்தி, விரிசலை வெல்டிங் செய்து, அதன்பிறகே தகடு வைத்திருப்பார்கள். விரிசலுக்கு மேலேயே தகடு வைத்துக் கருப்பு பெயின்ட் அடித்த காரில் விரிசல் தகட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேலை நடந்தபோது எடுத்த படங்கள்தான் வித்தியாசத்தைக் காட்டும். உங்களிடம் இல்லையென்றால் செய்த பட்டறையில் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் யார் போனிலாவது கிடக்கும். அதுவும் இல்லையென்றால் தகட்டின் விளிம்பையும், டிக்கிக்குள் மேல்பக்கத்தையும் சுத்தம் செய்து, வெளிச்சம் போட்டு இன்றைய நிலையைப் படமெடுங்கள்.

கேஜைப் பற்றிக் கேட்பவர் குழாயின் அளவைக் கேட்பார். எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) விதியில் முதன்மை வளைவுக்கு 45 மி.மீ. விட்டம் 2.5 மி.மீ. தடிப்பு, அல்லது 50-க்கு 2 மி.மீ.; மற்றக் குழாய்களுக்கு 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. கேஜின் கால் ஊன்றும் இடத்தில் 3 மி.மீ. தடிப்பில் குறைந்தது 120 சதுர செ.மீ. தகடு. உங்கள் கேஜ் யார் செய்தது, என்ன குழாய், சான்று உண்டா என்று எழுதுங்கள். சான்று இல்லையென்றால் ‘ரேஸுக்குத் தயார்’ என்ற சொல்லைத் தொடவே தொடாதீர்கள். வெல்டிங் முழுச்சுற்றும் போயிருக்கிறதா என்று கூரைக்கும் குழாய்க்கும் இடையே சின்னக் கண்ணாடியை நுழைத்துப் பாருங்கள். கை எட்டாத மேல்பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிற பட்டறைகள் உண்டு. வருகிறவர் கையிலும் அந்தக் கண்ணாடி இருக்கும்.

ஹார்னஸில் தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். எஃப்ஐஏ முத்திரை பெற்ற ஹார்னஸுக்கு ஐந்து ஆண்டுதான் ஆயுள். 8855-1999 தரத்துச் சீட்டுக்கும் அதே ஐந்து, 8862-2009 என்றால் பத்து. தேதி தாண்டியிருந்தால் மூன்றாவது எண்ணில் சேருங்கள். தீயணைப்பானின் சர்வீஸ் தேதியும், டயர் பக்கச்சுவரில் இருக்கும் கடைசி நாலு இலக்கமும் (வாரம், ஆண்டு) அப்படியே. பிரேக் டிஸ்க்கை மைக்ரோமீட்டரில் அளந்து, டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்போடு ஒப்பிட்டு எழுதுங்கள். மேற்பரப்பில் மயிரிழைக் கோடுகள் இருந்தால் பரவாயில்லை. ஒரு கோடு விளிம்புவரை ஓடியிருந்தால் அந்த டிஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிடுங்கள்.

கையிருப்பில் உள்ளதில் எதை விற்பது, எதைக் காரோடு கொடுப்பது? அசல் முன்சீட்டைத் தனியே விற்றுவிடுங்கள்; பழைய நிலைக்குக் கொண்டுவரத் துடிக்கும் வேறு எம்3 உரிமையாளர் நல்ல விலை கொடுப்பார், உங்கள் காரை வாங்குகிறவருக்கோ அது அடைசல். அசல் வீலும் அப்படித்தான். டேட்டா லாகர் (ஓட்டத்தைப் பதியும் கருவி), உதிரி வீல் செட் இருந்தால் இரண்டையும் முதல் விலையில் சேர்க்காமல் வைத்திருங்கள்; பேரம் கடைசி அங்குலத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்போது பணத்தைக் குறைப்பதைவிட இவற்றில் ஒன்றை நீட்டுவது எளிது. ஏர்பேக் ஸ்டீயரிங், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு கூடிய சைலன்சர், இசியூவின் அசல் மென்பொருள் மூன்றும் காரோடுதான் போக வேண்டும். சாலைப் பதிவைத் தொடர நினைக்கிறவருக்கு ஆய்வில் அவை தேவைப்படும். சாலையில் ஓட்டப் போகிறவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது ஆபத்து, நுரை சுற்றினாலும் ஆபத்துதான்.

விளம்பரத்தை மாற்றி எழுதுங்கள். முதல் பத்தியில் கார், ஆண்டு, பதிவு நிலை, எஞ்சின் மணி. இரண்டாவது பத்தியில் குறைகள்: மூன்றாவது கியர், ஹார்னஸ் காலாவதியாகியிருந்தால் அது, எங்கெங்கே கீறல். பாகங்களின் பட்டியல் அதற்குப் பிறகு போதும். படங்களில் அழகுக்கு நாலு இருக்கட்டும்; மிச்சமெல்லாம் அடிப்பாகம், கேஜ் கால்கள், லேபிள்கள், சேஸிஸ் எண், டிஸ்க், சோதனைத் தாள்கள். குளிர்ந்த எஞ்சினை முதன்முறை ஸ்டார்ட் செய்வதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். கடைசி அலைன்மென்ட், கார்னர் வெயிட் (ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் விழும் எடை) தாளையும் சேருங்கள். ஓட்டுநர் எடையோடு எடுத்ததா, டாங்க்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்றும் குறியுங்கள், அது இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. சீசன் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது போடுங்கள். சீசன் முடிந்த கையோடு யாரும் டிராக் கார் தேடுவதில்லை. உங்கள் மூன்று மாத வறட்சிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பார்க்க ஆள் வரும் நாளில் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். தெரிந்தவர் முதலில் போனட்டைத் தொட்டுத்தான் பார்ப்பார். டிராக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் மறுக்கத் தேவையில்லை. முதலில் நீங்கள் ஓட்டி அவர் பக்கத்தில் உட்காரட்டும். ஸ்டீயரிங்கை அவர் கையில் கொடுப்பதென்றால், முன்பணம் வாங்கிக்கொண்டு, எஞ்சினோ கியர்பாக்ஸோ உடைந்தால், கார் மோதினால் யார் செலவு என்று ஒரு தாளில் இருவரும் கையெழுத்திட்ட பிறகு. ஐந்திலிருந்து நாலுக்குப் போக நினைத்து இரண்டில் தள்ளிவிட்டால் ரெவ் லிமிட்டர் (எஞ்சின் சுழற்சி எல்லை தாண்டாமல் தடுப்பது) காப்பாற்றாது. அது எரிபொருளை நிறுத்தும், சக்கரம் எஞ்சினைச் சுழற்றுவதை எப்படி நிறுத்தும்? வால்வ் பிஸ்டனில் மோதிவிடும். சாதாரண வாகனக் காப்பீடு டிராக்கில் பெரும்பாலும் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். லாகரில் உங்கள் பழைய நாட்களின் ஆர்பிஎம் பதிவு இருந்தால் அதைக் கொடுங்கள். எஞ்சின் எல்லை தாண்டவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

விற்பனை ஒப்பந்தத்தில் ‘டிராக்கில் ஓட்டப்பட்ட, மாற்றங்கள் செய்யப்பட்ட கார், இருக்கும் நிலையில்’ என்ற வரியும், குறைகளின் பட்டியலும் வேண்டும். பெரும்பாலான நாடுகளில், தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த ஒற்றை வரி பாதுகாப்பாகாது. பட்டியல்தான் உங்களைக் காக்கும். மூன்றாவது கியர் அதில் இருக்கட்டும், கீழே அவர் கையெழுத்தும். பணம் முழுதாகக் கணக்கில் ஏறியபின் சாவி. உரிமை மாற்றத்தை அன்றைக்கே பதிந்துவிடுங்கள், வாரக்கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

கொடுக்கும்போது ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள்: ஊற்றுவது 10டபிள்யூ-60 ஆயில், எத்தனை டிராக் நாளுக்கு ஒருமுறை மாற்றினீர்கள், டயர் சூடானபின் நீங்கள் வைக்கும் அழுத்தம், பிரேக் பேட் எந்தக் கலவை, பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது, காயில்ஓவரில் டேம்பர் திருகு முன்னும் பின்னும் எத்தனை கிளிக். அசல் வீல் போல்ட் என்றால் இறுக்குவது 120 நியூட்டன் மீட்டர். ஸ்டட் மாற்றியிருந்தால் அதற்குரிய எண். ஜாக்கியும் டோ கொக்கியும் (காரை இழுக்க மாட்டுவது) எங்கே என்று முதல் நாளே கேட்பார்கள், அதையும் எழுதிவிடுங்கள்.